மேகத்துக்குள் போனவர்

போன வருடம் ஐப்பசி மாதம், சிக்கமகளூர் பக்கத்து மலையில் உள்ள தேசியப் பூங்காவுக்கு நாங்கள் ஒரு பஸ் நிறையப் போயிருந்தோம். எல்லாரும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் சனிக்கிழமை தோறும் பஜனை பாடுகிறவர்கள். எங்களில் ஒருவரின் மாப்பிள்ளைதான் டெண்ட் எல்லாம் ஏற்பாடு செய்தார். "பஜனை கோஷ்டியக் கூட்டினு வந்து காட்டுல படுக்க வெச்சிட்டீங்களே மாப்ளே" என்று பூக்கார அக்கா வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்தார். பஜனையில் முதல் அடி எடுத்துப் பாடுவது இந்த அக்காதான்.

ராத்திரி நல்லபடியாகக் கழிந்தது. காலையில் வழிகாட்டி ஒருவருடன் மலை ஏறினோம். மேலே மரமே இல்லை, இடுப்பளவு புல்தான். சில இடங்களில் புல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் நிலம் இருக்காது என்று அவர் கன்னடத்தில் எச்சரித்திருந்தார்.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி ஒதுங்க வேண்டும். "நீங்க போய்க்கினே இருங்க, தோ வந்துட்றேன்" என்று ஒரு பாறைக்குப் பின்னால் போனார். நாங்கள் நின்றோம். அதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து எங்களை மூடிவிட்டது. பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்தோம். அவர் வரவில்லை. வழிகாட்டி பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு ஒரே ஒரு இட்லி சாப்பிட்டிருந்தார். மீதிப் பொட்டலமும் வெல்லமும் என் பையில் இருந்தன. சர்க்கரை இறங்கினால் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். எங்கே நடக்கிறோம் என்றே தெரியாது.

ஆளுக்கொரு பக்கமாகப் போய்க் கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் "என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். பாறையில் பட்டு எல்லாச் சத்தமும் எல்லாப் பக்கமும் கேட்டது.

"எல்லாரும் நிறுத்துங்க" என்றார் பூக்கார அக்கா. "நாலு பக்கமும் கத்தினா மனுசன் எந்தப் பக்கம் வருவாரு? ஒரே எடத்துல உக்காருங்க. பாடலாம்."

"ஆளக் காணோம்னு தவிக்கிறோம், உனுக்குப் பாட்டு கேக்குதா?" என்று ஒருவர் கோபப்பட்டார்.

"உன்கிட்ட வேற வழி இருந்தா சொல்லு, கேக்கறேன்."

அவரும் வந்து உட்கார்ந்தார். அக்கா தன் ஜால்ராவை என் கையில் திணித்து, "தாளம் போடு தங்கச்சி, விட்டுடாத" என்றார். கோவிந்த நாமம் பாடினோம். அக்கா ஒரு அடி சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். கொஞ்சம் பாடியதும் அக்கா நிறுத்தச் சொல்வார். எல்லாரும் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்போம். காற்றுச் சத்தம்தான் வரும். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுபடி பாடுவோம், மறுபடி நிறுத்துவோம். பெருமாளே, தாலியைக் காப்பாற்று என்று மனசுக்குள் அழுதேன்.

ஒருமுறை நிறுத்தியபோது, கீழே எங்கோ "கோவிந்தா" என்று கேட்டது.

"நம்ம சத்தம்தான் திரும்பி வருது" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல. நாம இத்தினி பேர் பாடறோம். இது ஒத்தக் குரல்" என்றேன். என் கணவரின் குரல் எனக்குத் தெரியாதா.

அக்கா எழுந்து நின்று, "அங்கியே உக்காருங்கண்ணே, நடக்காதீங்க, ஆள் வருது" என்று கத்தினார். வழிகாட்டி அந்தக் குரல் வந்த பக்கம் கோலால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். நாங்கள் பாட, கீழிருந்து என் கணவர் திருப்பிச் சொன்னார். வரவரக் குரல் மெலிந்தது. வழிகாட்டி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தபோதுதான் ஜால்ராவைக் கீழே வைத்தேன். அவர் சட்டை நனைந்து, உடம்பெல்லாம் நடுங்கியது. வெல்லத்தை வாயில் போட்டு, இட்லியை ஊட்டிவிட்டேன்.

மேகத்தில் வழி தப்பி, பிறகு எல்லாப் பக்கமும் சத்தம் கேட்டதால் அவர் எங்களை விட்டு விலகியே நடந்திருக்கிறார். பாட்டு ஒரே பக்கமாகக் கேட்ட பிறகுதான், முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம் என்று புரிந்து நின்றாராம். மேகம் விலகியதும் வழிகாட்டி அந்த இடத்தைக் காட்டினார். அவர் நின்ற இடத்தை அடுத்துப் புல் இருந்தது, நிலம் இல்லை.

இத்தனை வருடமும் பெருமாளிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், பதிலுக்காக ஒரு நொடி நின்றதில்லை. இப்போது பூஜையில் வேண்டிக்கொண்ட பிறகு, கையைக் கூப்பியபடி கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறேன்.