விரிடி தெளித்த அறை

கதவைத் திறந்த மோகனப்பிரியா உள்ளே கால் வைக்காமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த காளான் பைகளில் முன்வரிசை முழுக்கப் பச்சை. நேற்றுச் சாயங்காலம் வரை தயிர் உறைந்தாற்போல வெள்ளை பரவிக்கொண்டிருந்த வைக்கோலில் குளத்துப் பாசி மாதிரி திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. இன்னும் சில நாள் தாக்குப்பிடித்திருந்தால் பைகளைக் கீறிவிட்டு, சன்னலைத் திறந்து காற்றும் வெளிச்சமும் காட்டி, மொட்டு விடுவதைப் பார்த்திருக்கலாம்.

இது மூன்றாவது தடவை. இதோடு அந்த அறையும் கைவிட்டுப் போய்விடும்.

"இதுவும் பச்சை புடிச்சுதுன்னா விட்டுப்போடு பிரியா," என்று அவள் கணவன் சுரேந்தர் விதை போட்ட அன்றைக்கே சொல்லியிருந்தான். "ரூமை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்துட்டே இருக்கறாங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் இல்லீங்க இல்லீங்கன்னு சொல்றது?"

அவன் கெட்டவன் அல்ல. கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன். ஓடாத மிஷினுக்கு இடம் கொடுத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

பிரியா சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் வேலை பார்த்தவள். மில்லை மூடிய பிறகு, துடியலூரில் வாழைத்தோட்டத்தை ஒட்டியிருந்த புகுந்த வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். சும்மா இருக்க வரவில்லை. டிவி பார்த்தால் தலை வலித்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. போத்தனூரில் காளான் விதை விற்கும் ஃபஹீமாவிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தாள். தட்டுமுட்டுச் சாமான் கிடந்த பின்னறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

முதல் தடவை நாலைந்து பையில்தான் பச்சை வந்தது. வைக்கோலில் ஈரம் மிஞ்சிப் போயிருந்தது, தப்பு அவளுடையது. அதற்கப்புறம் ஒன்றிலும் அசட்டையாக இருக்கவில்லை. வைக்கோலை வேகவைத்துச் சுத்தமான படுதாவில் ஆறவிட்டாள். அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக்கூடாது. அந்தப் பக்குவம் வந்த பிறகே காற்றுத் துளை போட்ட பையில் அடைத்தாள். குளிக்காமல் அறைக்குள் போவதில்லை. அப்படியும் இரண்டாவது தடவை ஒரு பைகூடத் தேறவில்லை. எங்கே தப்பு என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

பச்சை பிடித்த பை ஒன்றை இன்னொரு கவருக்குள் இறுகக் கட்டிக்கொண்டு ஃபஹீமாவிடம் காட்டக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் வரை போன பிறகுதான் போனை எடுக்காமல் வந்தது தெரிந்தது. திரும்பி வந்தாள். சாத்திவிட்டுப் போன பின்னறைக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே அவளுடைய மாமனார் பாலுசாமி நின்றிருந்தார். இடது கையில் பித்தளைச் செம்பு, வலது கையில் வேப்பங்கொத்து. கொத்தைச் செம்பில் முக்கி முக்கி, கோயிலில் தீர்த்தம் தெளிப்பதுபோல ஒவ்வொரு பையாகத் தெளித்துக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. அவள் காதில் விழும் தூரத்தில் நின்றாலும், "அம்மணிய மோட்டாரைப் போடச் சொல்லு" என்று மகனிடம்தான் சொல்வார். அதில் கோபதாபம் ஒன்றுமில்லை, மரியாதை.

"மாமா, என்னங்க பண்றீங்க?"

பாலுசாமி திடுக்கிட்டுத் திரும்பினார். செம்புத் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. "நீ பஸ் ஏறிட்டியாக்கும்னு இருந்தேன் அம்மணி."

"செம்புல என்னங்க?"

"விரிடிதான் கண்ணு. வாழைக்கு வாடல் நோய் வந்தப்ப சாணத்துல கலந்து வெச்சமே, அந்தப் பவுடர்தான். பூஞ்சாணத்துக்கு அதை உட்டா வேற மருந்து கெடையாது. உன்ற பை மொதல்ல கெட்டப்பவே ஆரம்பிச்சுப்போட்டேன். நீ வெளிய போறப்பெல்லாம் ஒரு சுத்து தெளிப்பேன்."

"மொத தடவையில இருந்துங்களா?"

"ஆமா. குப்பையில கொட்டிப்போட்டு வந்து மூஞ்சி செத்து உக்காந்திருந்தே. பாக்கச் சகிக்கல. உன்றகிட்டச் சொல்றதுக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு."

அவள் போனை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லருகே போய் நின்று ஃபஹீமாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ஃபஹீமா விளக்கினாள்.

"அக்கா, உங்க பையில புடிச்சிருக்கற பச்சையும் விரிடியும் ஒரே சாதிங்க. அது மத்த பூஞ்சாணத்தைத் தின்னுதான் பொழைக்கும். அதனாலதான் தோட்டத்துக்கு மருந்து. காளானும் பூஞ்சாணந்தானுங்களே."

"அப்ப மாமா தெளிச்சது..."

"கோழிக்கூட்டுக்குக் கீரியக் காவல் வெச்சுட்டாருங்க்கா."

மோகனப்பிரியா கல்லின் மேல் உட்கார்ந்தாள். இத்தனை மாசமாகத் தன் கையை, தன் வைக்கோலை, ஃபஹீமாவின் விதையைக்கூடச் சந்தேகப்பட்டாளே தவிர, வேப்பங்கொத்தோடு ஒருத்தர் உள்ளே போய் வருவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னாள். பாலுசாமி கேட்டுவிட்டுச் செம்பைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார்.

"அப்ப நாந்தானா?"

பரவாயில்லீங்க மாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

"மாமா, இனிமே நீங்க இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுங்க. தோட்டத்துத் துணியோட இந்தப் பக்கமே வரக்கூடாதுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் நின்று கட்டிய வீடு அது. பாலுசாமியின் தாடை ஒருமுறை அசைந்தது.

"சரி அம்மணி," என்று சொல்லிவிட்டு, செம்பைத் தள்ளிப் பிடித்தபடி வெளியேறினார்.

இந்தத் தடவை இடுப்பு வலியால் பாலுசாமி கயிறுகளுக்கு அடியில் குனிந்து போகாததால் பின்வரிசைப் பைகள் இன்னும் வெள்ளையாகவே இருந்தன. முன்வரிசையை மூட்டையாகக் கட்டித் தூரத்தில் கொண்டுபோய் எரித்தாள். அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். தேறிய பைகளின் மேல்புறத்தைத் துடைத்துத் தன் படுக்கையறை சன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டினாள்.

பட்டறையிலிருந்து வந்த சுரேந்தர் கதவருகே நின்றுவிட்டான். "என்ன பிரியா இது, நம்ம ரூமுக்கே கொண்டாந்துட்டே? அந்த ரூமை விட்டுப்போடலாம்னு சொன்னனே."

"அந்த ரூமை யாருக்கும் விடறதில்லடா," என்றார் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாலுசாமி.

"ஏனுங்கப்பா?"

"அவ காளானை நாந்தான் கெடுத்தேன். அவ நல்லபடியா ஒருக்கா போட்டுப் பாக்கட்டும்." பிறகு மகனைத் தாண்டி அவளைப் பார்த்தே கேட்டார்: "மறுக்கா எப்ப விதை போடுவே அம்மணி?"

"ரூம் நல்லாக் காயோணுமுங்க மாமா. அப்பறம், விரிடி கலக்கறதைத் தோட்டத்துக் கடைசிக்கு மாத்திக்கோணுமுங்க."

"மாத்திக்கறேன்."

சுரேந்தர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் படுக்கையறைக்குள் போய் ஃபேன் சுவிட்சில் கை வைத்தான்.

"போடாதீங்க," என்றாள் மோகனப்பிரியா. "காத்து வேகமா அடிச்சா மொட்டு கருகிரும்."

"எத்தனை நாளைக்கு?"

"காளானைப் பறிக்கற வரைக்குமுங்க," என்று சொல்லிவிட்டு, அறை உலராமலிருக்கத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கைச் சன்னலில் தொங்கவிட்டாள்.