ஆளில்லாத இடத்தில் நாற்பது டன் லோடு

விண்வெளியில் ஹாரன் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு பொத்தானாக அழுத்தித் தேடினேன். ஒன்றை அழுத்தினால் விளக்கு எரிந்தது. ஒன்றை அழுத்தினால் கப்பலுக்குக் கால் இறங்கியது. இன்னொன்றை அழுத்தியபோது எஞ்சினே அணைந்து, ஒரு சூரியனுக்குப் பக்கத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தேன். எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது என்று மருமகளைக் கேட்டேன்.

"எதுக்க வண்டியே வராது மாமா," என்றாள்.

நான் நம்பவில்லை. ஆனால் பத்து மாதம் ஓட்டிவிட்டேன், வரவில்லை.

நான் படித்தது நான்காம் வகுப்பு. நிலக்கோட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குப் பூ ஏற்றி ஓட்டியவன். மல்லிகையை மொட்டாக ஏற்றுவோம். அது வாய் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். நாற்பது வருஷம் போய்ச் சேர்ந்தேன். கடன் வாங்கிய ஒரு வண்டியில் ஆரம்பித்து ஏழு வண்டி வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படித்தவர்களுக்கான விளையாட்டு இது என்று பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். ஓட்டத் தெரிந்தவனுக்கு எதையும் ஓட்டத் தெரியும்.

இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதும் டாக்டர், இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்றார். வண்டிகளை மகன் பார்த்துக்கொண்டான். நான் திண்டுக்கல் வீட்டில் உட்கார்ந்து டிரைவர்களுக்குப் போன் போட்டேன். எங்கே வருகிறாய், ஏன் மெதுவாக வருகிறாய், ஏன் வேகமாக வருகிறாய் என்று நல்லதுக்குத்தான் கேட்டேன். இரண்டு டிரைவர்கள் வேலையை விடுவதாக மகனிடம் சொல்லிவிட்டார்கள்.

மருமகள் வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். வேலை முடிந்ததும் விளையாடுவதற்கென்று தனியாக இன்னொரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் என் கையிலிருந்த போனை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"இதுல ஓட்டுங்க மாமா. கிளட்ச் இல்ல. இடிச்சாலும் கேஸ் இல்ல."

இப்படித்தான் நான் விண்வெளிக்குப் போனேன்.

அடுத்த யோசனை நாற்காலி. கம்ப்யூட்டர் நாற்காலியில் சக்கரம் இருக்கும். திருப்பத்தில் நாமும் நகர்ந்துவிடுவோம். என் முதல் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டபோது டிரைவர் சீட்டை மட்டும் கழற்றி வைத்திருந்தேன். அதற்கு இரும்புக் கால் வைத்து, மேலே குஷன் தைக்கப் பேகம்பூருக்குக் கொண்டுபோனேன்.

"எந்த வண்டிக்குண்ணே?" என்றார் தைக்கிற பாய்.

"கப்பலுக்கு."

"தூத்துக்குடியா?"

"இல்ல பாய். அதுக்கும் மேல."

அவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, உப்புக்காற்றுக்குத் தாங்குகிற ரெக்ஸின் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலை. இன்றுவரை பிரியவில்லை.

இந்த விளையாட்டில் சண்டை போடலாம், வியாபாரம் செய்யலாம், இல்லையென்றால் யாரும் போகாத இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நான் மூன்றாவதை எடுத்தேன். கப்பலில் இரண்டு பீரங்கி இருந்தது, இரண்டையும் கழற்றச் சொன்னேன். ஒரு குச்சிகூட வைக்காமல் நாற்பது வருஷம் பல்லடம் ரோட்டில் ஓட்டியவனுக்கு, ஆளே இல்லாத வானத்தில் பீரங்கி எதற்கு? மருமகளும் அதுதான் சரி என்றாள். பீரங்கி கனம், கனம் குறைந்தால் ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவும் தூரம் கூடும்.

அந்தக் குறைந்த கனத்தில்தான் நான் லோடு ஏற்றினேன்.

வெறும் வண்டி ஓட்டுவது எனக்குப் பழக்கமில்லை. கோயம்புத்தூரில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நூல் மூட்டை ஏற்றி சின்னாளப்பட்டிக்குக் கொண்டுவருவேன். ஒரு நடைகூட வெறுசாக வந்ததில்லை. அந்த நூல் மூட்டையை இறக்கப்போன ஒரு தறிக்காரர் வீட்டில்தான் என் மகன் இந்தப் பெண்ணைப் பார்த்தான். நான் வெறும் வண்டியாக வந்திருந்தால் எனக்கு இந்த மருமகளே இல்லை.

நட்சத்திரம் பார்க்கப் போகிறவன் என்ன ஏற்றுவது? சந்தையில் உணவு இருந்தது, துணி இருந்தது, மருந்து இருந்தது. நான் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் நாற்பது டன் வாங்கினேன். திண்டுக்கல்லில் குடியிருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் புதிதாக வீடு கட்டினாலும் முதலில் வருகிற பிரச்சினை தண்ணீர்தான்.

"அங்க ஆளே இருக்காது மாமா. யாருக்கு விப்பீங்க?"

"இம்புட்டுப் பெரிய எடத்துல ஒருத்தன் இல்லாமயா போவான் தாயி?"

அவள் விட்டுவிட்டாள்.

மற்றபடி நான் ஓட்டியது சுத்தமான ஓட்டம். இதைக் கவனமாகப் படிக்கவும். எல்லா நட்சத்திரத்திலும் டீசல் கிடைக்காது. நீலம், மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, நல்ல சிவப்பு இவற்றின் ஓரமாக மெதுவாகப் போனால் டாங்க் தானாக நிரம்பும். மங்கிப்போன பழுப்பு நிறத்தில் ஒன்றும் கிடைக்காது. பாதி டாங்க் இருக்கும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். பெரிய கிரகத்தில் இறங்கும்போது அது பிடித்து இழுக்கும், அவசரப்பட்டால் அப்பளம்தான். மாதாந்திர மின்தடை உள்ள நாளில் விண்வெளிக்குப் போகாதீர்கள்.

காலையில் பூ வண்டிகள் கிளம்பிப் போன பிறகு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை ஓட்டுவேன். என் மனைவி பருப்புக் கடைந்துகொண்டே வந்து எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் முழுக்க வெள்ளையாக ஒரு கிரகம்.

"என்னங்க இது, சுண்ணாம்பா?"

"ஐஸு."

"அம்புட்டுமா? ஒரு லாரி இங்குட்டுக் கொண்டாரச் சொல்லுங்க. குழாயில தண்ணி வந்து எட்டு நாளாச்சு."

இப்போது முக்கியமான விஷயம். இந்த விளையாட்டில் ஒரு நட்சத்திரத்தை முதலில் பார்க்கிறவன் பெயரை அதன் கீழே எழுதிவிடுவார்கள். யார் போய்ப் பார்த்தாலும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் பார்த்த விவரத்தைக் கொண்டுவந்து ஒரு நிலையத்தில் ஒப்படைத்தால்தான் எழுதுவார்கள். வழியில் கப்பல் வெடித்தால் எல்லாம் போயிற்று. நாம் மட்டும் புறப்பட்ட ஊரில் விழித்துக்கொள்வோம்.

என் பெயர் எங்கேயும் எழுதியதில்லை. ஏழு வண்டியிலும் மனைவி பெயர்தான். ராசி என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவள். கரண்டு பில் இன்றைக்கும் வீட்டை எனக்கு விற்றவர் பெயரில்தான் வருகிறது. பேரனுக்கு வைக்கலாம் என்றார்கள், பிறகு கூப்பிட நன்றாக இல்லை என்று விட்டுவிட்டார்கள். எட்டு மாதத்தில் இருநூற்றுப் பத்து நட்சத்திரம் பார்த்திருந்தேன். இருநூற்றுப் பத்து இடத்தில் என் பெயர். யார் கையெழுத்தும் தேவையில்லை. நான் திரும்பி வந்தால் போதும்.

அப்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று தனியாக நின்றது. எட்டவில்லை. ஒரே ஒரு தடவை தூரமாகத் தாவ உதவுகிற பூஸ்டர் கையில் இருந்தது.

"அதப் போட்டு உள்ள போனா, வெளிய வர இன்னொண்ணு வேணும் மாமா," என்று மருமகள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குக் காது கேட்டது. தாவிவிட்டேன். இருநூற்றுப் பதினொன்று. நீல நிறம், பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. டாங்கும் நிரம்பியது. திரும்பிப் பார்த்தால், வந்த நட்சத்திரத்துக்கு வரைபடத்தில் தாவும் வழியைக் காட்டுகிற கோடு போகவில்லை. வேறு எந்தப் பக்கமும் போகவில்லை. இங்கிருந்து செம்பட்டி தெரிகிறது, ஆனால் ரோடு இல்லை என்கிற மாதிரி.

மருமகள் வந்து பார்த்தாள். "லோடு கனம். இறக்குனா எட்டும்."

"எங்க இறக்க?"

"எங்கயும் இல்ல. வெளிய தள்ளணும்."

"தள்ளாட்டி?"

"கப்பல வெடிக்க விட்டா ஊர்ல போயி முழிக்கலாம். இருநூத்திப் பதினொண்ணும் போயிரும்."

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் லோடைக் கொட்டியதே இல்லை. ஊரடங்கு வந்த நாளில் என் வண்டி நிறையப் பூ. கோயம்புத்தூர் மார்க்கெட்டைப் பூட்டிவிட்டார்கள். கூட வந்த வண்டிகள் எல்லாம் வழியிலேயே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போயின. செம்பட்டி வரை ரோடு மல்லிகை வாசம். நான் மட்டும் மூட்டை பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்து, தோட்டம் தோட்டமாகப் போய், யாருடைய பூவோ அவர்களிடமே இறக்கிக் கொடுத்தேன். இதை நிலக்கோட்டையில் இன்றும் சொல்வார்கள்.

நாலாம் நாள் காலையில் மருமகள் என் போனை எடுத்து அலமாரியில் வைத்தாள். மூன்று நாளாக டிரைவர்களுக்கு நான் போட்ட போன் காரணம்.

"வாங்க மாமா. தள்ளிட்டு ஊரு வந்து சேருவோம்."

"நான் லோடக் கொட்டுறவன் இல்ல தாயி. ஊரடங்குல என்ன செஞ்சேன்னு ஊரைக் கேளு."

"கேட்ருக்கேன். நூறு தடவ. தோட்டத்துக்காரவுககிட்டத் திருப்பிக் குடுத்தீங்க. அவுக என்ன செஞ்சாக?"

எனக்கு நினைவிருந்தது. முதல் தோட்டத்து அம்மா மூட்டையைப் பார்த்துவிட்டு, "எதுக்குண்ணே இத மறுபடி தூக்கிட்டு வந்தீக? இப்ப குப்பைய நாங்களா கொட்டணும்?" என்று கேட்டது. மற்றவர்கள் அவ்வளவு வெளிப்படையாகக் கேட்கவில்லை.

"கொட்டினாக," என்றேன்.

"எங்க?"

"செடிக்கு அடியில."

"மறுநா?"

"மறுநாளும் பூத்துச்சு."

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள். "அந்தத் தண்ணி மிஷினத் தொலைங்க. யாரு கேட்டா அத?"

சீட்டில் போய் உட்கார்ந்தேன். மொத்தமாகத் தள்ளுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அதைத் தொடவில்லை. ஒவ்வொரு டன்னாக இறக்கினேன். ஒன்றை இறக்கி, வரைபடத்தைத் திறந்து, கோடு போகிறதா என்று பார்த்து, அடுத்ததை இறக்கினேன். உருளை உருளையாக நீல வெளிச்சத்தில் மிதந்து போயின. இருபதில் போகவில்லை. முப்பதில் போகவில்லை. மருமகள் தன் வேலைக்குப் போய், ஒரு மீட்டிங் முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். முப்பத்தேழாவதை இறக்கியபோது கோடு போய்த் தொட்டது.

"மிச்சம் மூணையும் தள்ளிருங்க."

"தேவையானதுக்கு மேல ஒண்ணும் கொட்ட மாட்டேன்," என்றேன்.

தாவினேன். எட்டியது.

திரும்பி வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரம் நான் எந்தக் கிரகத்திலும் இறங்கவில்லை, எந்த அழகையும் பார்க்கவில்லை. கடைசியில் நிலையம் வந்தது. அதற்குள் நுழைகிற வாசல் ஒரு சந்து மாதிரி இருக்கும். ஆரம்ப நாட்களில் அதில் நான்கு முறை மோதி வெடித்திருக்கிறேன். மார்க்கெட்டுக்குள் நுழைகிற வேகத்தில் போனதால் வந்தது. இந்தத் தடவை என் பின்னால் மனைவியும் மருமகளும் நின்றார்கள். மாட்டு வண்டி மாதிரி போனேன்.

"இம்புட்டு மெதுவா நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல," என்றாள் மனைவி.

"பேசாம இரு."

உள்ளே போய், கப்பலின் காலை இறக்கி, நின்றேன். ஒப்படைத்தேன். மருமகள் வரைபடத்தில் அந்த நீல நட்சத்திரத்தைத் தேடித் திறந்தாள். கீழே ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது ஊர்ப் பலகைகளும் என் பெயரும்தான். அங்கே ஊர் இல்லை. அது என் பெயர்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். "அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப வீட்டு வரி கேக்க மாட்டாக," என்று சொல்லிவிட்டு, சோற்றை வடிக்கப் போனாள். வடித்துவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மகன் போன் செய்தான். கோயம்புத்தூர் வண்டி வெறுசாக வருகிறது, நூல் லோடுக்குக் காத்திருந்தால் மறுநாள் பூவுக்கு நேரமாகிவிடும் என்றான். திட்டினேன். மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விண்வெளி வேறு, பல்லடம் ரோடு வேறு.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு என் வார்த்தை: லோடு ஏற்றாதீர்கள். ஆளே இல்லாத இடத்தில் வாங்க யாரும் இல்லை. கனமில்லாமல் போனால்தான் தூரம் போகலாம், போன இடத்திலிருந்து திரும்பலாம்.

நான் இப்போது மறுபடி அந்த நீல நட்சத்திரத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். மூன்று டன் மிஷின் இன்னும் கப்பலில் இருக்கிறது. விற்றுவிட்டுப் போகலாமே என்கிறாள் மருமகள். மூன்று டன் ஒரு கனமில்லை, கோடு போகிறது, பார்த்துவிட்டேன். நாளைக்கு அங்கே யாராவது குடிவந்து, கீழே எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, இந்த ஆள் ஊரில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.