கஞ்சிச் சத்திரமும் காசிச் செம்பும்

எம் தந்தையாரைப் பற்றி இரு வகைக் கதைகள் உறவினரிடையே வழங்குகின்றன. அவர் காசிக்குச் சென்று அங்கேயே இறைவன் திருவடி சேர்ந்தார் என்பர் சிலர். மைந்தர் இருவரும் நிலத்தைப் பறித்துக்கொண்டு அவரை வீதியில் விட்டனர் என்பர் வேறு சிலர். அண்மையில் ஒரு திருமணப் பந்தியில், என்னை இன்னாரென்று அறியாத இளைஞர் ஒருவர் எனக்கு எதிரே அமர்ந்து முதற்கதையைச் சொன்னார்; அவருக்குப் பக்கத்திலிருந்தவர் இரண்டாம் கதையைக் கூறி மறுத்தார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். இரண்டுமே பிழையானவை. நிகழ்ந்தவற்றைக் கண்டவர்களுள் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. ஆகையால் இதனை எழுதி வைக்கின்றேன்.

எம் ஊர் பரமத்தி வேலூருக்கு அணித்தே, காவிரியின் வாய்க்கால் பாயும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருந்தது. கொடிக்கால் எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு நிகர். அகத்தி நிழலில் கொடி படர்ந்திருக்கும் அவ்விடத்தில் செருப்பணிந்து எவரும் நுழையமாட்டார். உரிமையாளரே ஆயினும் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்வார். தீட்டுப் பட்டால் கொடி வாடும் என்பது உறுதியான நம்பிக்கை.

எம் அன்னையார் மறைந்த பின்னர்த் தந்தையாருக்கு நினைவு மெல்லக் குலையலாயிற்று. இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்த காலம் அது. உண்டதை மறந்து மீண்டும் உண்ண அமர்வார். மாலை வேளையில் தம் கொடிக்கால் எது, பிறர் கொடிக்கால் எது என்ற வேறுபாடு அவருக்குத் தோன்றாது. எம் அத்தையின் கணவர், அதாவது தந்தையாரின் தங்கையை மணந்தவர், எங்களுக்கு அடுத்த நிலத்துக்காரர். அவருடைய கொடிக்காலுக்குள் தந்தையார் செருப்புக் காலுடன் புகுந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு அக்கொடிகள் வாடின. வேரழுகலே காரணமாயிருத்தல் கூடும். ஆயினும் அதனைக் கேட்பார் இல்லை.

அந்த மாமா எம் வாயிலில் நின்று கூவினார். "உங்க ஐயனைக் கட்டி வெக்கிறீங்களா, இல்ல நான் கட்டட்டுமா? பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாருங்க!"

அண்ணன் தந்தையாரை மாட்டுக்கொட்டிலை அடுத்த அறையில் இருத்தித் தாழிட்டார். கதவைத் தட்டி, "ஆரோ என்னை உள்ள வெச்சுச் சாத்திப்போட்டாங்க சாமி" என்று அவர் அழைத்த குரலை விடுமுறைக்கு ஊர் சென்ற நான் கேட்டேன். அப்பொழுது நான் சேலத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன்; சிறிய வாடகை அறையில் தனியே தங்கியிருந்தவன். அந்நகரின் எல்லையில் துணி வணிகர் சிலர் கூடி ஆதுலர் சாலை ஒன்றை நடத்தி வந்தனர். ஆதரவற்ற முதியோரும் நோயுற்றோரும் அங்கே உணவும் இடமும் பெற்றனர். ஊரார் அதனைக் கஞ்சிச் சத்திரம் என்றே இழித்துரைப்பர். நான்தான் அவ்விடத்தைக் கேட்டறிந்து, தந்தையாரை அழைத்துச் சென்று சேர்த்தேன்.

மைந்தர் இருவரைப் பெற்ற நிலக்கிழார் ஒருவர் கஞ்சிச் சத்திரத்தில் இருக்கிறார் என்பதை எங்கள் பகுதியில் எவ்வாறு சொல்வது? முதியவர் ஒருவர் திங்கள் கணக்கில் வீட்டில் இல்லாதிருப்பதற்கு மதிப்புள்ள காரணம் ஒன்றே உண்டு. "ஐயன் காசிக்குப் போயிருக்கறாரு" என்று அண்ணன் ஊராரிடம் கூறிவிட்டார். அதனை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை.

வியப்பு யாதெனின், தந்தையாருக்கு அவ்விடம் உவப்பாயிருந்தது. ஓட்டுக் கூரை வேய்ந்த நீண்ட கூடம், கிணறு, வேம்பு. நாள்தோறும் அதே பாய், அதே தட்டு, அதே மணியோசை. மறப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. கிணற்று நீர் வழியும் இடத்தில் அகத்தி ஊன்றி, கொடி நட்டு, ஒரு பாயளவே உள்ள கொடிக்காலைத் தம் கையால் உண்டாக்கினார். ஞாயிறுதோறும் நான் செல்லும்போது வாயிலுக்கே வந்து நிற்பார். "செருப்பை அங்கயே உட்டுட்டு வா சாமி" என்று அதட்டி உள்ளே அழைத்துச் சென்று, இளந்தளிர் வெற்றிலையை என் கையில் வைப்பார். தாம் இருக்கும் இடத்தைப் பற்றி அவருக்கு நாணம் சிறிதும் இல்லை. நாணமெல்லாம் எனக்கே இருந்தது. மாணாக்கர் எவரேனும் காண்பரோ என்று வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே செல்வேன்.

இந்நிலையில் எம் தங்கைக்கு எடப்பாடிப் பக்கத்தில் மணம் உறுதியாயிற்று. தந்தையாருக்குக் காசிக்குச் சென்ற பெருமையும் இருந்தமையால் மாப்பிள்ளை வீட்டார் மனமுவந்து இசைந்தனர். ஆனால் தங்கை பிடிவாதமாக நின்றாள். "ஐயன் வந்து பக்கத்துல நிக்கோணும். இல்லீனா நான் கழுத்து நீட்டமாட்டேன்" என்றாள். அண்ணன் என் அறைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். காசியினின்று மீள்பவரை ஊரெல்லையில் எதிர்கொண்டு, கால் கழுவி, விழுந்து வணங்குவது வழக்கம். கங்கை நீர் அடைத்த செம்பும் காசிக் கயிறும் இன்றி அவர் எப்படி ஊர் புகுவார்?

அவ்விரண்டையும் அண்ணன் சேலத்துக் கடைவீதியிலேயே வாங்கினார். வாய் பற்றவைத்த சிறு செப்புச் செம்பு அது. உள்ளே இருந்தது உண்மையான கங்கை நீராகவே இருந்திருக்கலாம்.

பெட்ரோல் கிட்டாமையால் கரியை எரித்த வாயுவில் ஓடிய அந்நாளைய பேருந்து நாமக்கல் செல்வதற்குள் மேடுதோறும் மூச்சு வாங்கி நின்றது. அந்நேரத்தைப் பயன்படுத்தித் தந்தையாருக்கு நான் பாடம் சொன்னேன்.

"ஐயா, எங்க போயிருந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்லோணும்?"

"சத்திரத்துல இருந்து வாரேன்."

"இல்லீங்க ஐயா. காசிக்குப் போயிருந்தேன்னு சொல்லோணும்."

"காசிக்கு நான் எப்பச் சாமி போனேன்?"

வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கச் செய்வதைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். வேலூரை நெருங்கும்போது அவர் பிழையின்றிச் சொன்னார். முன் இருக்கையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துக் கைகுவித்துக் கும்பிட்டார். நான் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பந்தல் வாயிலில் அவர் காலில் மஞ்சள் நீர் ஊற்றினர். எம் அத்தை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவருடைய பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணா, கங்கையில முங்குனீங்களா? எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போட்டீங்களா?"

"காசிக்குப் போயிருந்தேன்" என்றார் தந்தையார், கற்றபடியே. அண்ணன் மூச்சு விட்டார்.

மாப்பிள்ளையின் தந்தை நல்லவர்; பேச்சில் விருப்பமுள்ளவர். தந்தையாரைத் தம்மருகே அமர்த்திக்கொண்டு, "ஏனுங்க, இந்தச் சண்டைக் காலத்துல ரயில்ல எடம் கெடைச்சுதுங்களா? அங்க சாப்பாடெல்லாம் எப்படீங்க?" என்று உசாவினார். புகைவண்டியைப் பற்றி நான் கற்பித்திருந்தேன். சாப்பாட்டைப் பற்றிக் கற்பிக்கவில்லை.

தந்தையாரின் முகம் மலர்ந்தது. "சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. காலையில கம்மங்கூழு, மத்தியானம் சோறும் கொள்ளுப் பருப்பும்."

"காசியில கம்மங்கூழுங்களா!" என்று அவர் சிரித்தார்.

"ஆமாங்க. கெணத்தோரமா நான் கொடி வெச்சிருக்கேன். நல்லாத் தழைஞ்சிருக்குது. ஞாயித்துக்கெழமையானா இவன் வந்து வெத்தல வாங்கிட்டுப் போவான். வேணும்னா இவனைக் கேளுங்க."

பந்தலில் இருந்தோர் அனைவரும் என்னை நோக்கினர். அப்பொழுது, முன்னர் எம் வாயிலில் நின்று கூவிய அதே மாமா உரக்கச் சொன்னார்: "காசி இப்பச் சேலத்துக்கே வந்துருச்சாட்ட இருக்குது! வாரா வாரம் போயிட்டு வர்ற தூரந்தான்!"

சிரிப்பொலி எழுந்தது. சிரிப்பினூடே எவரோ, "அட, கஞ்சிச் சத்திரமுங்க! ரெண்டு பசங்க இருந்தும் ஒரு வாய் கஞ்சி ஊத்த நாதியில்லையாமா?" என்றார். அச்சொல்லுக்குப் பின் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை தம் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெச்சுப் பாத்திருக்க மாட்டனா?" என்று அண்ணனிடம் அழுதார். அண்ணன் கையிலிருந்த செம்பை எங்கே வைப்பது என்று அறியாமல் நின்றார்.

தந்தையார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னை நோக்கினார்.

"நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா சாமி?"

"இல்லீங்க ஐயா. சரியாத்தான் சொன்னீங்க. சத்திரத்துலதான் இருக்கறீங்க" என்றேன். அனைவருக்கும் கேட்கும்படியே சொன்னேன். பொய் அத்துடன் முடிந்தது. என் முகத்தில் குருதி ஏறியதை மட்டும் என்னால் மறைக்க இயலவில்லை. தந்தையார் கண்டது அம்முகத்தையே.

மாப்பிள்ளையின் தந்தை எழுந்து அண்ணன் அருகே வந்தார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்ச பொண்ணுங்க. நேரத்துக்குத் தாலி கட்டட்டும். அந்தச் செம்பை மட்டும் எடுத்து அக்கட்டால வெச்சுருங்க" என்றார். மணம் இனிதே நிறைவேறியது. தங்கை மாலையுடன் தந்தையாரின் காலில் விழ வந்தபோது, அவர் தம் பாதங்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "வேண்டாங்கண்ணு, எந்திரி எந்திரி" என்றார். அவள் வெறுந்தரையைத் தொட்டு எழுந்தாள்.

அடுத்த ஞாயிறன்று நான் சாலைக்குச் சென்றபோது வாயிலில் அவர் இல்லை. கூடத்தின் கோடியில், சுவரை நோக்கித் துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார். மணவிழாவில் யார் யார் வந்தனர், என்ன உண்டனர் என்பதெல்லாம் அவர் நினைவை விட்டு அகன்றிருந்தன. அந்த நாணம் மட்டும் அகலவில்லை. அதற்குக் காரணம் இன்னதென்று அறியாமலேயே அதனைச் சுமந்துகொண்டிருந்தார். நான் செருப்புடன் கொடியருகே செல்வதைத் திரும்பிப் பார்த்தும் அவர் அதட்டவில்லை. அருகில் வந்து அமர்ந்தேன். என் காதருகே குனிந்து தாழ்ந்த குரலில் கூறினார்:

"ஊர்ல ஆராச்சும் கேட்டா, நான் காசியில இருக்கறேன்னு சொல்லிப்போடு சாமி."

அவருக்கு நான் புகட்டிய பாடங்களுள் மறவாமல் நின்றது இதுவே. அவ்விடத்தில் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். புதியவர் எவர் வரினும், சாலையின் சமையற்காரரிடமும் கூட, இது காசி என்றே சொல்லிவந்தார். சில நாள்களில் அவர் அதனை நம்பினார் என்றும் எண்ணுகின்றேன். கொடியை அதன் பின்னர் அவர் தொடவில்லை. பிறர் நீர் ஊற்றினர். அவர் மறைந்தபோது செய்தி ஊருக்குச் சென்று, பங்காளிகள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வந்தவர்கள் அச்சாலையின் வாயிலுக்கு வெளியே நின்றனரேயன்றி எவரும் உள்ளே அடி வைக்கவில்லை. அத்தை ஒருவரே உள்ளே வந்தார். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

காசியில் இறந்தார் என்னும் கதை அவர் வாய்ச்சொல்லிலிருந்தே பிறந்தது. வீதியில் விடப்பட்டார் என்னும் கதை பந்தலில் எழுந்த அச்சொல்லிலிருந்து. அவர் வாழ்ந்த இடம் தூயது. அவ்விடத்தார் அவரை அன்புடன் போற்றினர். அதனை இழிவென்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாங்களே.

என் நினைவும் இப்பொழுது முன்போல் இல்லை. அப்பந்தலில் இருந்தோர் வழிவந்தோரும், அச்சாலையில் பணியாற்றியோரின் மக்களும் இதனைப் படிக்க நேரின், நான் பிறழக் கூறியவை உளவாயின் தயங்காது திருத்த வேண்டுகின்றேன். சிறப்பாக, இறுதி நாள்களில் அவர் என்றேனும் ஒருமுறை எனக்காக வாயிலுக்கு வந்து நின்றதுண்டு என்று அறிந்தவர் எவரேனும் இருப்பின், அதனை எனக்குத் தெரிவித்தருளுக.