மதிய இடைவேளையில் எழுதிய கோப்பு

மார்ச் 4: 6,200
ஏப்ரல் 3: 5,900
மே 5: 2,150
ஜூன் 4: 300
ஜூலை: வரவில்லை

என் தம்பி எழுதிய ஃபிரேம்வொர்க்குக்கு வந்த நன்கொடைகள் இவை. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை மேலே கட்டிக்கொள்ள உதவும் அடித்தளம் அது. ஒன்பது வருடம், அலுவலகம் விட்டு வந்தபின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். மூல நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று ஓப்பன் சோர்ஸ் உரிமம் போட்டு வெளியிட்டான்.

ஒரே ஒரு கோப்பை மட்டும் அலுவலகத்தில் எழுதியிருந்தான். அதன் தலைப்பிலேயே, "மதிய இடைவேளையில், அலுவலகக் கணினியில் எழுதியது" என்றும் குறித்திருந்தான். ஏப்ரல் நடுவில் யாரோ அதைப் படித்துவிட்டு இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கேட்டார்: அலுவலகக் கணினியில் எழுதியது நிறுவனத்தின் சொத்தல்லவா? அதற்கு உரிமம் கொடுக்க இவர் யார்?

தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க எழுதினேன்னு போடச் சொல்லி யாராவது கேட்டாங்களா மாமா? வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன்."

"அந்த வரிய அழிச்சிடேன்டா," என்றேன்.

"அழிச்சா, அழிச்சதும் தெரியும்ண்ணா. பழசெல்லாம் அங்கயே பதிவா இருக்கு."

"அப்ப கோப்பையே புதுசா எழுது."

"நான் எழுதினா பழசப் பாத்து எழுதினதும்பாங்க."

'இதில் எங்களுக்கு உரிமை இல்லை' என்று நிறுவனம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். மேலாளரைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

"சும்மா கொடுத்த பொருளுக்கு நாங்க கையெழுத்து வேற போடணுமா சார்?" என்று சிரித்தார் அவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். விண்ணப்பம் சட்டப் பிரிவுக்குப் போனது. அங்கேயே கிடந்தது.

பயன்படுத்தியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். "உங்கள்மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது, எங்கள் வக்கீலுக்குத்தான் இல்லை" என்று ஒருவர் எழுதினார். ஆகஸ்டில் மிஞ்சியிருந்தது புத்தகம் இரவல் தரும் ஒரு பொது நூலகம். அவர்களும் வேறொன்றுக்கு மாறினார்கள். மாறத் தெரியாமல் திணறியபோது தம்பிதான் ஒரு வாரம் விடுப்பு எடுத்து உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான்.

"உனக்கென்னடா தலையெழுத்து?" என்று கேட்டேன்.

"என்னை நம்பித்தானே வந்தாங்க? நடுவுல விட முடியுமாண்ணா?"

செப்டம்பரில், இனிப் பராமரிப்பு இல்லை என்று அறிவித்து முடித்துக்கொண்டான். அதன்பின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட மட்டுமே உட்கார்ந்தான். சாப்பிட்ட கையோடு எழுந்தும் போய்விடுவான்.

அந்தக் கோப்பில் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, கோரும் எண்ணமும் இருந்ததில்லை என்று நிறுவனம் எழுதிய கடிதம் நவம்பர் 19 அன்று வந்தது.