கொமாண்டோக் கொப்பி

நான் எழுதிய ஒரே சரித்திரப் புத்தகம் எண்பது பக்கக் கொப்பி ஒன்று. அது என்னுடையது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், வெட்கம்.

அப்போது நாங்கள் அம்பிட்டியவில் ஒரு மேட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பி புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தார். கடையில் பேசப் பழகிய சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பழகிக்கொண்டவர் மாமா.

பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணன் கொமாண்டோப் படையில் இருந்தார். லீவில் வந்தால் தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு மேடேறுவார். என்னைக் கண்டால் ஒரு சல்யூட் அடிப்பார். அந்தச் சல்யூட்டுக்கு நான் அடிமை. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் படை யாரோடு சண்டை பிடிக்கிறது என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. ஆகாயத்திலிருந்து குதிக்கும் ஒருவர் எனக்கு சல்யூட் அடிக்கிறார், அதுபோதும்.

ஆகவே அந்தப் படையின் சரித்திரத்தை எழுதத் தீர்மானித்தேன். பக்கத்து வீட்டில் பழைய பத்திரிகைகளை மாமா கேட்டு வாங்கி வருவார். நான் படங்களை வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவேன். சிங்களத்தில் இருப்பதை மாமா கீழே தமிழில் எழுதித் தருவார். கடத்தப்படும் விமானங்களிலிருந்து ஆட்களை மீட்க ஒரு சின்னக் குழுவாகத் தொடங்கிய கதை, பயிற்சிக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாதியில் மூட்டை கட்டிய கதை எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இலங்கைப் படம் வரைந்து, முகாம் இருக்கும் ஊர்களில் சிவப்புப் புள்ளி வைத்துத் தரச் சொன்னேன்.

"இது எதுக்கு பாப்பா, வேணாமே" என்று மாமா தயங்கினார். படம் இல்லாமல் என்ன சரித்திரம் என்று நான் அடம்பிடித்தேன். வரைந்தார். படிப்பு கெடுகிறது என்று அம்மா திட்டுவார் என்பதால் அட்டையில் பெயர் எழுதவில்லை. விஷயம் எங்கள் இருவருக்குள்ளேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தபோது, ராணுவத்தார் சோதனைக்கு வந்தார்கள். அந்த நாட்களில் தமிழர் வீடுகளுக்கு அது வழக்கம்தான். யார் யார் தங்கியிருக்கிறோம் என்று பொலிசில் பதிந்த தாளை மாமா நீட்டினார். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், அரிசி வாளிக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். ஒன்றுமில்லை. அதிகாரி என் கன்னத்தைக்கூடத் தட்டினார். படியிறங்கியும் விட்டார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இவர்களும் பட்டாளம், கொப்பியும் பட்டாளத்தைப் பற்றியது. பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! உள்ளே ஓடி, கட்டிலுக்கடியில் இருந்ததை எடுத்துவந்து அதிகாரியிடம் நீட்டினேன். "பாப்பா, வேணாம்" என்று மாமா சொல்வதற்குள் அது கைமாறிவிட்டது.

அதிகாரி சிரித்தபடிதான் புரட்டத் தொடங்கினார். படங்களுக்குக் கீழே தமிழ் எழுத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, இது யாருடையது என்று என்னைக் கேட்டார். அந்தக் குரலுக்குப் பயந்து மாமாவின் பின்னால் ஒதுங்கினேன். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "மாமாகே", அதாவது மாமாவுடையது, என்றேன். மாமா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஆமாம் ஐயா, என்னுடையதுதான் என்று சிங்களத்தில் சொன்னார். சட்டை போட்டுக்கொள்ளக்கூட விடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். கடை முதலாளி யார் யாரையோ பிடித்து வெளியே எடுத்துவிட்டார், ஆனால் இனிக் கடைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த மாமா கரண்டி கேட்டு வாங்கி இடது கையால் சாப்பிட்டார். வலது கையை மடியிலேயே வைத்திருந்தார். அம்மா அழுதுகொண்டே கத்தினார்.

"பட்டாளத்துப் படத்த வெட்டி ஒட்டுற வயசாடா ஒனக்கு? எங்க குடிய கெடுக்கவா வந்த? தோட்டத்துக்கே போயிரு. இனி இந்தப் பக்கம் வராத."

மாமா குனிந்த தலை நிமிரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை விழுங்கிவிட்டேன்.

மாமாவை வழியனுப்ப, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அப்பாவோடு நானும் போனேன். அப்பா டிக்கெட் விஷயமாக அந்தப் பக்கம் போனதும் மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அக்காகிட்ட மட்டும் எப்பவும் சொல்லிறாத பாப்பா. அது தாங்காது."

நான் வேகமாகத் தலையாட்டினேன். அம்மாவின் அகப்பைக் காம்பு அடியிலிருந்து மாமா என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அப்போது புரிந்தது. நிம்மதியாக வீடு திரும்பி, வயிறாரச் சாப்பிட்டேன்.

மாமா பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவும் அழைக்கவில்லை. கடைசிக் காலத்தில், படுக்கையில் கிடந்தபடி, "தம்பின்னு ஒருத்தன் இருந்தான், புத்திகெட்ட பய" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நான்தான் இருந்தேன். குற்றமில்லாத தம்பியைத் தன் வாயாலேயே துரத்தினோம் என்று தெரிந்தால் அம்மா என்ன ஆவார் என்று மாமா அந்த பஸ்ஸிலேயே யோசித்திருக்கிறார். நானோ, அகப்பைக் காம்பை மட்டும் நினைத்துத் தலையாட்டினேன்.