கேட்டபடி தட்டச்சு செய்தது

நீதிமன்றத் தட்டச்சு அறையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் பாம்புச்செவிக்காரி. சாட்சி வாய்க்குள்ளேயே முனகினாலும் சரி, அழுதுகொண்டே பாதி வார்த்தையை விழுங்கினாலும் சரி, ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு அவள் அதைப் பிடித்துவிடுவாள். காதில் ஹெட்போன், மேசைக்கடியில் ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் மூன்று நொடி பின்னால் போகும். பெரிய பெரிய வக்கீல்களே கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்பார்கள்.

"அக்கா, அந்த ஆள் 'கொடுத்தேன்'னு சொன்னானா, 'கெடுத்தேன்'னு சொன்னானா? கொஞ்சம் பாருங்களேன்."

"பாத்தாச்சு. ரெண்டும் இல்ல. 'எடுத்தேன்'னு சொன்னான். போய்ட்டு வாங்க."

வக்கீல் முகத்தில் ஈயாடாது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் இருக்கக் கூடாது? அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். கேட்டதை அடிக்க வேண்டும், நினைத்ததை அடிக்கக் கூடாது. புரியாவிட்டால் புள்ளி வைக்க வேண்டும். பேச்சல்லாத ஓசை வந்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்: இருமல், விசும்பல், நாற்காலி விழும் ஓசை. கடைசியில் 'கேட்டபடி தட்டச்சு செய்தது' என்று அடித்துக் கையெழுத்து. புருஷன் செத்த பதினாறாம் நாளே வேலைக்கு வந்து உட்கார்ந்தவள், அந்த வரிக்குக் கீழே ஒரு நாளும் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை.

இப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்தவன் என்ன ஆனான் தெரியுமா? கத்துகிறவன் ஆனான்.

பாடகன் என்றுதான் அவன் சொல்லிக்கொள்வான். பகலில் மருந்துக் கம்பெனிக் கிடங்கில் பெட்டி எண்ணுவான், சாயங்காலம் வந்ததும் தன் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கின் முன்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து உறுமுவான். கரடி இருமுவது மாதிரி இருக்கும். அவனும் சிநேகிதர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். என்ன இசையடா இது என்று கேட்டதற்கு, "மெலோடிக் டெத் மெட்டல்மா" என்றான்.

"டெத்தா? சாவா?"

"பேருதாம்மா அப்படி. உள்ள நல்ல ராகமெல்லாம் இருக்கும். கீபோர்டுக்காரி வயலின், கோரஸ் எல்லாம் போட்டிருக்கா, சினிமாவுல முப்பது பேர் வாசிக்கற மாதிரி. தாளம் பாதியில மாறும். ஒரு பாட்டு பதினோரு நிமிஷம்."

"பதினோரு நிமிஷம் இந்தக் கத்தலா! உலகத்துல வேற பேரே கிடைக்கலியா உங்களுக்கு? சாவுன்னு வாயால சொல்லாதடா."

அவன் சிரித்தான். பிடிவாதத்தில் அம்மாவை உரித்து வைத்தவன், மறுநாளும் உறுமினான். அவள் மறுநாளும் போய் அறைக் கதவைச் சாத்தினாள். மழையில் உப்பிப்போன கதவு அது, சும்மா சாத்தினால் சாத்தாது. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ள வேண்டும், 'தொம்'மென்று விழும், அப்புறம் கொண்டியை இழுத்தால் 'க்ளக்' என்று பிடிக்கும். நான்கு வருடம் தினமும் சாயங்காலம் தொம், க்ளக். நாள் முழுக்க ஊரார் சண்டையைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவள் பாவம், அவளுக்கும் கொஞ்சம் அமைதி வேண்டாமா? வேண்டும்தான். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஒருநாள் சாத்திய கதவையும் மீறி ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. சமையலறையில் நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சாப்பிட வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள நின்னு சாத்தானைக் கூப்பிடறியாடா? 'சாத்தானே சாத்தானே'ன்னு! உனக்கு என்ன குறை வச்சேன் நான்?"

அவன் சோற்றில் கையை வைத்தபடி அவளையே பார்த்தான். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. "பாம்புச்செவிக்கு அப்படியா கேட்டுது?"

"வேற எப்படிடா கேக்கும்?"

"கதவத் தொறந்து வச்சுட்டுக் கேளு, தெரியும்."

அவள் கேட்கவில்லை. எட்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். அதன் பிறகு பேசினாள்தான், ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டான். இருபத்தாறு வயது.

அந்த வீட்டில் இப்போது யாரும் உறுமுவதில்லை. கேட்ட அமைதி கிடைத்துவிட்டது என்று அவளே ஒருநாள் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நாலு மாதம் போயிருக்கும். டிரம்ஸ்காரனும் கீபோர்டுக்காரியும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். டிரம்ஸ்காரன் ஆள் மலை மாதிரி இருப்பான், உட்கார்ந்ததும் அழுதுவிட்டான். அந்தப் பெண்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, ஆல்பம் முடிஞ்சுது. எட்டுப் பாட்டு. திங்கக்கிழமை அட்டையும் உள்ள வர்ற பாட்டு வரியும் அச்சுக்குப் போகுது. அவனோட போட்டோ ஒண்ணு வேணும்."

"எடுத்துக்கோங்கம்மா. பேர் என்ன வச்சிருக்கீங்க?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரம்ஸ்காரன் தரையைப் பார்த்துச் சொன்னான். "'சாத்தானே'ன்னு, ஆன்ட்டி."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "என் பிள்ளை போட்டோவுக்கு மேல அந்த வார்த்தையா?"

"அது அவன் பாடினதுதான், ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். "எட்டாவது பாட்டு. மத்த ஏழும் நோட்டுல எழுதி வச்சிருந்தான், ஸ்டூடியோவுல வந்து பாடினான். இத மட்டும் எழுதித் தரல. 'முடிச்சுட்டுத் தர்றேன்'னான். வீட்டுல அவன் ரூம்ல பாடி அனுப்பினதுதான் எங்ககிட்ட இருக்கு, அதையே போட்டுட்டோம். எங்க நாலு பேர்ல அவன் உறுமறது அவனுக்குத்தான் புரியும். எங்களுக்குப் புரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். உங்களுக்கும் அப்படித்தான் கேட்டுச்சுன்னு அவனே சொல்லிச் சிரிச்சானே."

நியாயமான பேச்சுதான். அவளே கொடுத்த சாட்சி அவளுக்கு எதிராக வந்து நின்றது. ஆனாலும் மனசு ஒப்புமா? என் பிள்ளை சாத்தானைக் கூப்பிட்டுவிட்டுப் போனான் என்று அச்சில் நிற்கலாமா?

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க. நான் கேட்டுட்டு எழுதித் தர்றேன்," என்றாள். "சாத்தான்தான்னா சாத்தான்னே அடிச்சுத் தர்றேன். எனக்காக மாத்த மாட்டேன்."

"இன்னொண்ணு ஆன்ட்டி," என்றான் டிரம்ஸ்காரன். "பாட்டு முடியற இடத்துல ஒரு அடி விழும். அது நான் அடிச்சது இல்ல. அவன் எதையாவது தட்டினானோ என்னவோ. ஆனா தாளத்துக்குச் சரியான இடத்துல விழுது. அதையும் விட்டு வச்சுட்டோம்."

சனிக்கிழமை நீதிமன்றத்துக்குப் பாதி நாள். எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்துவிட்டுப் போன எட்டுப் பாட்டையும் அவன் நோட்டையும் எடுத்து வைத்து, ஹெட்போனை மாட்டி, மிதியில் காலை வைத்தாள்.

முதலில் உறுமல் வரவில்லை. வயலின்கள் வந்தன. ஒன்றல்ல இரண்டல்ல, ஒரு கூட்டமே எழுந்து வந்தது. அதற்குக் கீழே கிதார் ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது. தாளம் ஏழு ஏழாகப் போய்த் திடீரென்று ஐந்தாக ஒடிந்து, மறுபடி சேர்ந்தது. அதன் நடுவில் அவன் குரல் வந்தது. அதே கரடிக் குரல்தான். ஆனால் இத்தனைக்கும் நடுவில் அது கரடியாக இல்லை. துக்கம் தாங்காமல் ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டுக் கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஹெட்போன் மாட்டியிருந்தானே! இந்த வயலினும் கிதாரும் அவன் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. வெளியே வந்தது வெறும் குரல். நான்கு வருடமாக அவள் கேட்டது பாட்டே இல்லை.

அழ நேரமில்லை. வேலை இருக்கிறது. குதிகாலால் தட்டினாள். மூன்று நொடி. மறுபடி தட்டினாள். வேகத்தைக் குறைத்தாள். அவன் ககரத்தை எப்படித் தொண்டையில் உரசுகிறான், ரகரத்தை எப்படி உருட்டுகிறான் என்று முதல் ஏழு பாட்டையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பழகினாள். புதுச் சாட்சி வந்தால் அவள் செய்வது அதுதான். இரண்டு மணி நேரத்தில் எட்டாம் பாட்டின் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று கைக்கு வர ஆரம்பித்தன. பிறகு அந்த வார்த்தை வந்தது. சாத்தா... ஏ. நடு எழுத்தை உறுமல் தின்றிருந்தது.

னகரமா? அவன் னகரம் சொல்லும்போதெல்லாம் உறுமலிலும் மூக்கு அதிரும், மூன்றாம் பாட்டில் 'வானே' என்ற இடத்தில் தெளிவாகவே அதிர்ந்தது. இங்கே அதிரவில்லை. தட்டினாள், கேட்டாள். தட்டினாள், கேட்டாள். மூக்கே இல்லை. நாக்கு பல்லில் பட்டு எழும் ஓசைதான் இருந்தது.

அட பாவி மகனே! சாத்தானே இல்லை. சாத்தாதே.

ஐயோ, அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! கையைத் தட்டிவிட்டாள், யாருமில்லாத அறையில். "சாத்தான் இல்லடா, சாத்தான் இல்ல," என்று வாய்விட்டுச் சொன்னாள். என் பிள்ளை எந்தப் பேயையும் கூப்பிடவில்லை. விரல்கள் பறக்க முழுவதையும் அடித்தாள்.

'உன் காதுக்கு ஊரே பயப்படுது
என் குரலுக்கு நீ பயப்படறே
சாத்தாதே, சாத்தாதே
பாதி கேட்டுட்டுப் போகாதே'

அடித்து முடித்துவிட்டுப் படித்தாள். அடிக்கிறபோது அவள் அர்த்தம் பார்ப்பதில்லை, முப்பது வருடப் பழக்கம். இப்போது பார்த்தாள். விரல்கள் மேசை மேலேயே நின்றுவிட்டன. யாருடைய காதுக்கு ஊர் பயப்படுகிறது? யார் சாத்தினார்கள்?

பாட்டு இன்னும் முடியவில்லை. கடைசி ஒன்பது நொடி மிச்சம் இருந்தது. மிதியை அழுத்தினாள். வயலின்கள் அடங்கின. 'சாத்தாதே' என்று கடைசித் தடவை அவன் நீட்டினான். அது முடிவதற்குள் அந்த அடி விழுந்தது. தொம்.

அதற்குப் பின்னால், டிரம்ஸ்காரனுக்குக் கேட்காத ஒன்று. க்ளக்.

உலகத்தில் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. அவளுக்குத் தோள்பட்டையே வலித்தது.

காலை எடுத்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. அடிக்குப் பின்னால் மூச்சு விடும் ஓசை. ஹெட்போனைக் கழற்றி வைக்கும் ஓசை. அதற்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் அடியில், உறுமல் எதுவும் இல்லாத அவனுடைய சாதாரணக் குரல், சின்ன வயதில் பால் வேண்டாம் என்றதற்குத் திட்டு வாங்கியபோது சொன்ன அதே குரல். இரண்டு முறை பின்னால் போய்க் கேட்டாள். பிறகு கேட்க முடியவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்து, ராசா, ராசா என்று அரற்றினாள்.

அந்த இரண்டையும் அவள் விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பாட்டு என்பது வார்த்தைதானே, கதவு எதற்கு என்று சொல்லியிருந்தால் யார் மறுப்பார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், இரண்டையும் அடித்தாள். கீழே வழக்கமான வரியை அடித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். 'சாத்தாதே' வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி, நாங்க எவ்வளவு பெரிய தப்புப் பண்ண இருந்தோம்!" கடைசிக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றது.

'(கதவு சாத்தப்படும் ஓசை.)
சரிம்மா.'

"இது எங்களுக்குக் கேக்கவே இல்லையே ஆன்ட்டி."

"எனக்குக் கேட்டுது."

அந்தப் பெண் தாளை நீட்டி அந்த இடத்தைக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்த ரெண்டு வரி வேணும்னா விட்டுடலாம் ஆன்ட்டி. பாட்டுல சேராது. கதவு யார் சாத்தினாங்கன்னு கேப்பாங்க."

"கேட்டா நான்தான்னு சொல்லும்மா," என்றாள் அவள். "விடாத, அச்சுல வரட்டும்."