கடுவனுக்கும் ஒரு பரிசோதனை

ஏற்காட்டில் நான் இருந்த இரண்டு வருடமும் என் வேலை குரங்குகளின் பின்னால் நடப்பது. ஒரு மந்தி எப்போது கருத்தரிக்கிறது, ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் எத்தனை மாதம் இடைவெளி விடுகிறது, ஏரிப் பக்கம் சுற்றுலாக்காரர்களின் பஜ்ஜியைப் பிடுங்கித் தின்னும் கூட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்குள் பழம் தின்று திரியும் கூட்டத்துக்கும் அதில் வித்தியாசம் உண்டா என்பதெல்லாம் என் ஆராய்ச்சி. கேட்கக் கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் குரங்கிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கருப்பையில் நடப்பதை எல்லாம் கொஞ்சம் தாமதமாகவேனும் சொல்லிவிடுவது அதன் கழிவு ஒன்றுதான். எனவே குறிப்பிட்ட மந்தி ஒன்றை விடிந்ததிலிருந்து பார்வையிலேயே வைத்திருந்து, அது எப்போது மனமிரங்குகிறதோ அப்போது ஓடிப்போய், சூடு ஆறுவதற்குள் எடுத்துக் குப்பியில் அடைத்து, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணங்களில் என் அம்மா, "எம் பொண்ணு காட்டுல ஆராய்ச்சி பண்றா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எதை ஆராய்கிறாள் என்று யாராவது கேட்டால் பந்திக்கு நேரமாகிவிட்டது என்பாள்.

எனக்குத் துணையாக வந்தவர் பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. காப்பி பறிக்கப் போய்க்கொண்டிருந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். குரங்குகளை அடையாளம் காண நான் எண்கள் வைத்திருந்தேன். அக்கா அந்த எண்களை ஒருநாள்கூட மதிக்கவில்லை. என்னுடைய பதினாலாம் எண் அவருக்கு ரைட்டரம்மா; யார் என்ன தின்கிறார்கள் என்று, ஆள் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் மாதிரிக் கிளைமேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்குமாம். "ஏனுங்க, ரைட்டரம்மா போயிருச்சுங்க, சீக்கிரம் வாங்க" என்று அவர் கூப்பிட்டால், குப்பியைத் தூக்கிக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நான் ஓடுவேன். ஒருமுறை அப்படி ஓடி வழுக்கி விழுந்தபோது குரங்குகளே கொஞ்ச நேரம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

குப்பிகள் ஆய்வகத்துக்குப் போகும்வரை என் வாடகை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும். ஒருநாள் மின்சாரம் போய் வந்ததில் வீட்டுக்கார அம்மாவின் பெட்டி பழுதாகிவிட்டது. இட்லி மாவை என் பெட்டியில் வைக்க வந்தார்.

"என்னங்க கண்ணு இது, சாந்து மாதிரி?"

எனக்குப் பொய் சொல்ல வராது. மாவுப் பாத்திரத்தோடு அவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். மாவு வரவில்லை, அவர் மட்டும். "அதுல கொரங்கு மாசமா இருக்கிறது தெரியுமுங்களா?" என்றார். தெரியும் என்று சொல்லி, கர்ப்பமானால் ஒரு ஹார்மோன் ஏறி அப்படியே நிற்கும், அதை அளந்து பார்ப்போம் என்று விளக்கினேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கவனத்தைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

செய்தி பஸ் நிலையத்துக் கடைகளைத் தாண்டும்போது நான் குரங்குக்குப் பார்ப்பவளாக இருந்தேன். தலைச்சோலை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பார்க்கும் டாக்டரம்மா ஆகிவிட்டிருந்தேன். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாத டாக்டரம்மா என்பதை மட்டும் வழியில் யாரோ விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் சுற்றுலா வேன் ஓட்டுபவர். அந்தப் பெண் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. கல்யாணமாகி ஏழு வருடம் என்று அவள் சொன்னாள். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"நான் மனுசங்களுக்குப் பாக்கிற டாக்டர் இல்லைம்மா. குரங்குக்கு மட்டும்தான்."

"கொரங்குக்கே பாக்கறவங்களுக்கு மனுசிக்குப் பாக்கறது பெருசுங்களா?" என்றாள். அவள் குரலில் வேடிக்கை இல்லை. ஏழு வருடத்தில் எத்தனை கோயில், எத்தனை லேகியம், யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை விரல் மடக்கிச் சொன்னாள். விசேஷ வீடுகளில் மாமியார் தன்னைப் பின்வரிசையில் நிற்கச் சொல்வதைச் சொல்லும்போது மட்டும் மடக்கிய விரல் அப்படியே நின்றது.

"அவருக்குப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. "எனக்கு என்னங்க? நான் நல்லாத்தானுங்க இருக்கேன். அவளுக்குத்தான் பாக்கணும்."

குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அங்க ஒரு பெரிய கடுவன் இருக்குதுங்க தம்பி. அதுவும் அப்படித்தான் நெனச்சுட்டுத் திரியுது."

கடுவன் என்றால் ஆண்குரங்கு என்பது வேன்காரருக்குத் தெரியாமல் இல்லை. முகம் சிவந்துவிட்டது. நான் அவசரமாக, குட்டி பிறக்காவிட்டால் நாங்கள் மந்தியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்ல மாட்டோம், ஆண் பக்கமும் பார்க்க வேண்டும், மனிதர்களிலும் அப்படித்தான், சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்குமே பரிசோதனை உண்டு என்றேன். அவர் பைக்கைக் கிளப்பினார். அவள் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு ஓடினாள். அன்று முழுக்க அக்காவிடம் நான் கோபமாக இருந்தேன். அவர் ஆரஞ்சை உரித்து என்னிடம் பாதி நீட்டி, "நீங்க சொன்னா பாடமுங்க. நான் சொன்னாத்தான் உறைக்கும்" என்றார்.

மூன்று வாரம் கழித்து, எஸ்டேட் பாதையில் நான் ரைட்டரம்மாவுக்காகக் காத்திருந்தபோது, அந்தக் கணவரின் வேன் வந்து நின்றது. அவர் மட்டும் இறங்கினார். மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழை வரும்போல என்றார். ஒரு மேகமும் இல்லை.

"ஏனுங்க மேடம், கடுவனுக்கு டெஸ்ட்டுன்னா எப்படிங்க எடுப்பாங்க?"

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். "காட்டுக் கடுவன்கிட்ட எடுக்கிறது கஷ்டங்க. மனுசன்கிட்ட சுலபம். ஒரு சின்ன டப்பா குடுப்பாங்க. தனி அறை இருக்கும்."

"பேரு சொல்லிச் சத்தமாக் கூப்பிடுவாங்களா?"

அதுதான் அவருடைய பயம் என்று அப்போது புரிந்தது. தெரிந்தவர் யாராவது வரிசையில் இருந்துவிட்டால்? டப்பாவோடு நடந்து வருவதை நர்ஸ் பார்த்தால்? அவருக்கு என் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே வரிசையாகக் குப்பிகள், எல்லாவற்றிலும் எண்.

"இதுல எது யாரோடதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"ஆய்வகத்துல இருக்கிறவங்களுக்கும் அவ்வளவுதாங்க தெரியும். தினமும் நூறு டப்பா பாக்கிறவங்களுக்கு உங்க டப்பா மேல என்ன அக்கறை?"

இந்த அவமரியாதை எப்படியோ அவருக்கு ஆறுதலாக இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பினார். இந்தப் பேச்சுக்கு நடுவில் ரைட்டரம்மா தன் வேலையை எங்கோ முடித்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு ஒருநாள் போனது.

பரிசோதனையில் குறை அவர் பக்கம்தான் என்று வந்தது. உயிரணுக்கள் குறைவு, விரையில் ரத்தக் குழாய் புடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கலாம், சின்ன அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார்களாம். இதை அவரே வந்து சொன்னார். அந்தத் தடவை மழையைப் பற்றிப் பேசவில்லை. "அவளுக்கு ஒண்ணுமில்லைங்க, எல்லாம் நல்லா இருக்குதாமுங்க" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு, "ஏழு வருசமுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அக்காகூடக் கேலி செய்யவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாராம். மூடி மறைத்திருக்கலாம். மருந்து எல்லாம் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மனைவிகூட, "எதுக்குங்க, விட்டுருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவர் விடவில்லை. பைக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற மனிதரிடம் இவ்வளவு துணிச்சல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

சேர்வராயன் கோயில் திருவிழாவில் அவருடைய அம்மாவை நேரில் பார்த்தேன். கூட்டத்தில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"கொரங்கு டாக்டரம்மா நீங்கதானுங்களே? எம் பையன் சொல்றது நெசமுங்களா? ஆம்பளைக்கும் கொறை இருக்குமுங்களா?"

"இருக்குமுங்கம்மா. நிறையப் பேருக்கு இருக்கு. சொல்றவங்கதான் கம்மி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பிக் கையை நீட்டிக் காட்டினார். மருமகள் செருப்புப் போட்டுக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து, குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகன் வெறுங்காலில், தலையில் பூசைத் தட்டோடு, சுடுகிற தரையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"இத்தன வருசம் இவளக் கோயில் கோயிலா நடக்க வெச்சேனுங்க. இந்த வருசம் தலைச்சோலையில இருந்து அவன நடக்க வெச்சுட்டேன்" என்றார் அந்த அம்மா. அறிவியல் முறைப்படி இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நியாயப்படி சரியாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கும் போகச் சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கும் போறானுங்க. மாத்திரை முழுங்கறானான்னு பக்கத்துலயே நின்னு பாக்கறேன்."

அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வருடம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் ஒருமுறை கரு தங்கி, இரண்டாம் மாதம் கலைந்துபோனது. அதற்குள் என் ஆராய்ச்சி முடிந்து நான் மலையிலிருந்து இறங்கிவிட்டேன். அக்காதான் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, மலையில் நான் எடுக்கத் தவறிய மாதிரிகளைப் பற்றியெல்லாம் பேசி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண்தான். ஐந்தாம் மாதம் நடக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, மாமியார் படி இறங்க விடுவதில்லை, அவர் வேனைப் பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டுவதில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே அரைநாள் ஆகிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள். இப்போது முதுகு வலி, தூக்கம் இல்லை, புளி வாசம் பட்டால் வாந்தி. திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்க மேடம், கொரங்கு அஞ்சரை மாசத்துலயே பெத்துருமாமே, அக்கா சொன்னாங்க?"

"ஆமா."

"எனக்கும் அப்படி ஏதாச்சும் பண்ண முடியாதுங்களா?"